சோப்புக்காரப் பேராசிரியர்: வீட்டில் சோப்பு செய்து விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே, அச்சு பிடிக்கவும் பார்சல் கட்டவும் கூடமாட நிற்கும் வீட்டு ஆண்களே,

மகளிர் குழுக் கண்காட்சி, திருவிழாக் கடை, இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று எங்கு திரும்பினாலும் உங்கள் சரக்குதான். குப்பைமேனி சோப்பு, ஆவாரம்பூ சோப்பு, நலங்குமாவு சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, கூடவே பாட்டிலில் பாத்திரம் துலக்கும் லிக்விட். வேலைக்காலம் முழுவதும் ஒரு சோப்பு ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவன் நான். கைக்கு வந்த சோப்பை முகர்ந்து, நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்க்காமல் கீழே வைக்க எனக்கு வராது. பார்த்தவரையில் உங்களில் பலருடைய சோப்பு நன்றாகவே இருக்கிறது. என் புகார் அதன் மேல் ஒட்டியிருக்கும் அட்டையைப் பற்றியது. ‘கெமிக்கல் கிடையாது’ என்று கொட்டை எழுத்தில், பச்சை இலைப் படத்தோடு போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றி.

காஸ்டிக் சோடாவை எடை போடக் கையுறை மாட்டுகிறீர்கள். பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்கிறீர்கள். அதைத் தண்ணீரில் கொட்டும்போது ஆவி மூக்கில் ஏறாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். இவ்வளவும் செய்துவிட்டுக் கெமிக்கலே கிடையாது என்று எழுத எப்படி மனசு வருகிறது? சோப்பு ஆனபிறகு காஸ்டிக் மிஞ்சுவதில்லை என்பீர்கள். கணக்காகப் போட்டிருந்தால் மிஞ்சாது, உண்மைதான். எண்ணெயில் இருக்கும் கொழுப்பமிலங்களோடு சேர்ந்து அது வேறொன்றாகிவிடுகிறது. அந்த வேறொன்றுக்கும் பெயர் உண்டு: சோடியம் லாரேட், சோடியம் பால்மிடேட், சோடியம் ஓலியேட். தேங்காய் எண்ணெய் போட்டால் முதலாவது நிறைய வரும், பாமாயில் போட்டால் இரண்டாவது, கடலை எண்ணெய் போட்டால் மூன்றாவது. (சோப் பேஸ் கட்டியைப் பாரிமுனையில் கிலோ கணக்கில் வாங்கி, உருக்கி, நிறம் கலந்து ஊற்றுபவர்களும் உங்களில் உண்டு. அந்தக் கட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று விற்றவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.)

நீங்கள் அட்டையில் மறைக்கிற இந்தப் பெயர்களோடு 40 வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய ஒருவரை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல். ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். 1882இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், சாத்தம் என்ற ஊரில் பிறந்தவர். டொரான்டோவில் படித்து, ஜெர்மனியில் லைப்சிக், ஹைடெல்பர்க் என்று சுற்றி, 1906இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க வந்தார். சோப்பைத் தண்ணீரில் கரைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்வி அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசிவரை விடவில்லை.

அந்தக் காலத்தில் கரைசல்களைப் பற்றி இரண்டு கணக்கு இருந்தது. உப்பைத் தண்ணீரில் போட்டால் அது மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரியும். எத்தனை துகள் மிதக்கிறதோ அதற்கேற்பத் தண்ணீரின் ஆவியழுத்தம் குறையும், கொதிநிலை ஏறும். இது தலை எண்ணும் கணக்கு. எத்தனை மின்னூட்டம் நகர்கிறதோ அதற்கேற்ப மின்சாரம் பாயும். இது இரண்டாவது. சமையல் உப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். சோப்பில் கணக்கு உதைத்தது. தலை எண்ணினால் பாதிப்பேரைக் காணோம், மின்சாரமோ ஒருவரும் எங்கும் போகாதது போல் தாராளமாகப் பாய்கிறது.

தலை எண்ணுவதிலேயே ஒரு சிக்கல் இருந்தது, அது உங்களுக்குச் சட்டென்று புரியும். கொதிக்கவைத்து அளந்தவர்களை நுரை ஏமாற்றியது. நுரைக்குள் சிக்கிய காற்று அளவைக் கெடுத்துவிடும். மெக்பெயின் வேறு வழிக்குப் போனார். அவரும் சால்மன் என்பவரும் 90 டிகிரி வெப்பத்தில் சோப்புக் கரைசலை வைத்து, அதன் மேலே பளபளப்பான ஒரு பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்து, எந்த வெப்பநிலையில் அதில் முதல் பனி படர்கிறது என்று பார்த்தார்கள். அதை வைத்து ஆவியழுத்தம், அதை வைத்துத் துகள்களின் எண்ணிக்கை. நுரைக்கு அங்கே வேலையே இல்லை. 1920இல் அந்தக் கட்டுரை வந்தது.

மின்சாரத்தை அளந்தது அதற்கும் பத்து வருடம் முன்பு. மெக்பெயினோடு சேர்ந்து அளந்தவர் மில்லிசென்ட் டெய்லர் என்ற பெண்மணி. செல்டனத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே பிரிஸ்டலில் ஆராய்ச்சி செய்தவர். எங்களையும் வேதியியல் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 1904இல் லண்டனில் மனுக் கொடுத்த 19 பெண்களில் அவரும் ஒருவர். கதவு திறந்தது 1920இல். சோப்புக் கரைசலைப் பற்றி மெக்பெயினும் அவரும் சேர்ந்து எழுதியவை 1910இலும் 1911இலும் ஜெர்மன் இதழ்களில் வந்துவிட்டன. சங்க உறுப்பினர் ஆகத் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவரின் கையால்தான் சோப்பின் மின்கடத்தல் ஒழுங்காக அளக்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், கோபமும் வரும்.

அளவுகள் சரி. அர்த்தம்? 1913இல் லண்டனில் ஃபாரடே சங்கத்தின் கூட்டத்தில் மெக்பெயின் தன் விடையை வைத்தார். சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, எண்ணெயை விரும்பும் நீள வால் ஒன்று. ஓரளவுக்கு மேல் சோப்பு சேர்ந்ததும் அவை பல பத்துக் கணக்கில் கூட்டமாகத் திரள்கின்றன. அதற்கு மைசெல் என்று பெயர். கூட்டம் சேர்ந்தால் தலை எண்ணிக்கை குறையும், அது எல்லோருக்கும் புரிந்தது. இவ்வளவு பெரிய கட்டி எப்படி மின்சாரத்தை வேகமாகக் கடத்தும் என்பதுதான் கேட்டவர்களின் சந்தேகம். பெரிசு என்றால் மெதுவாகத்தானே போகும்?

இல்லை என்றார். ஆளுக்கொரு சின்னப் படகில் துடுப்பு போடுவதையும், அத்தனை பேரும் ஒரே நீளப் படகில் உட்கார்ந்து துடுப்பு போடுவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலக்கூறு உருண்டையாகத் திரண்டால் மின்னூட்டம் 8 மடங்கு. உருண்டையின் கனஅளவும் 8 மடங்கு, ஆனால் ஆரம் 2 மடங்குதான். தண்ணீரின் தடை ஆரத்தைப் பொறுத்தது, ஆகவே அதுவும் 2 மடங்குதான். இழுக்கும் விசை எட்டு, தடுக்கும் விசை இரண்டு. சோடியம் அயனிகள் கொஞ்சம் வந்து உருண்டையில் ஒட்டிக்கொள்வதால் நடப்பில் அவ்வளவு லாபம் வராது என்றாலும், திரண்ட கூட்டம் தனி ஆளுக்குச் சளைக்காமல் ஓடும். பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் அதை அன்றைக்குப் பெரியவர்கள் ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தில் தலைமை வகித்தவர் ‘அபத்தம், மெக்பெயின்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் என்று எங்கள் துறையில் ஒரு கதை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. அது எவ்வளவு நிஜமோ, மைசெல் நிஜம். நேற்றுச் சாம்பார் வைத்த பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கு அதன் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துதான் தண்ணீரோடு போகிறது. இதை மெக்பெயின் பிற்காலத்தில் சாயம் போட்டுக் காட்டினார். எண்ணெயில் மட்டும் கரையும் சாயத்தூளை வெறும் தண்ணீரில் போட்டால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். சோப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் நிறம் ஏறும். மைசெல்லின் நடுவில் எண்ணெய் போன்ற ஓர் இடம் இருப்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

பிரிஸ்டலில் அவருடைய கூட்டாளிகளில் இன்னொரு பெண் மேரி ஈவ்லின் லேங். சோடியம் ஓலியேட்டை எடுத்துக்கொண்டு அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரே அடர்த்தி, ஒரே வெப்பநிலை. ஒரு குழாயில் தெளிந்த திரவமாக ஓடுகிறது, இன்னொன்றில் கவிழ்த்தாலும் விழாத தெளிந்த கூழாக நிற்கிறது. இரண்டிலும் மின்கடத்தலை அளந்தார், ஒன்றே. ஆவியழுத்தம், ஒன்றே. மூன்றாவதாக, குளிர்ந்து வெண்ணிறமாக உறைந்ததில் மட்டும் மாறியது. அதில் சோப்பு நுண்ணிய நார் நாராகப் படிகமாகிவிடுகிறது. ஆக, கூழுக்குள் இருப்பதும் திரவத்துக்குள் இருப்பதும் அதே மைசெல்கள்தான், கூழில் அவை ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவே. உங்கள் லிக்விட் கெட்டியாக இருந்தால்தான் ‘ஸ்ட்ராங்’ என்று வாடிக்கையாளர் நினைக்கிறாரே, அவருக்கு 1920இலேயே பதில் சொல்லியாயிற்று.

இதற்கிடையில் பிரிஸ்டலில் 1919இல் லெவர்ஹியூம் பிரபுவின் பெயரில் ஒரு பேராசிரியர் பதவி உண்டாகி, அதன் முதல் ஆளாக மெக்பெயின் அமர்ந்தார். லெவர்ஹியூம் வேறு யாருமில்லை, சன்லைட் சோப்புக்காரர் லெவர். 1888இலேயே கல்கத்தா துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக அவர் சரக்கு இறங்கியாயிற்று. நீங்கள் யாரோடு போட்டி போடுகிறீர்களோ அந்தக் கம்பெனியின் மூல புருஷர், தான் விற்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் படிப்புக்குத் தன் பெயரைக் கொடுத்தார். ‘கெமிக்கல் இல்லை’ என்று அவர் எழுதிப் பிழைக்கவில்லை.

இனி உங்கள் வாளிக்கு வருகிறேன்.

பாத்திரம் துலக்கும் லிக்விட் செய்பவர்கள் ஆசிட் ஸ்லரியோடு எஸ்.எல்.இ.எஸ். என்று ஒரு பசையும் வாங்குவீர்கள், டப்பாவில் 70 சதவீதம் என்று போட்டிருக்கும். தேன் போலவோ வாசலின் போலவோ, கஷ்டப்பட்டாலும் ஊற்ற வரும். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் என்ன ஆக வேண்டும்? இளக வேண்டும். ஆனால் இறுகும். கரண்டி நிற்கும், மத்து சுற்றாது, கட்டி கட்டியாக உருளும். இன்னும் நிறையத் தண்ணீர் விட்ட பிறகுதான் ஒருநாள் இராத்திரி ஊறிக் கரையும். சரக்கு மோசம் என்று கடைக்காரரைத் திட்டியிருப்பீர்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. உங்கள் வாளியில் இருந்தது திரவப் படிகம். டி.வி. திரையிலும் செல்போனிலும் எல்.சி.டி. என்று சொல்கிறோமே, அதன் உறவுக்காரர்.

படிகத்தில் மூலக்கூறுகள் வரிசை கலையாமல் நிற்கும், திரவத்தில் வரிசையே இருக்காது. இரண்டுக்கும் நடுவில், வரிசையும் உண்டு ஓட்டமும் உண்டு என்ற நிலையை 1888இல் பிராகில் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு பொருளில் கண்டார். அங்கே நிலையை மாற்றுவது சூடு. சோப்பிலும் இந்தப் பசை போன்றவற்றிலும் சூட்டோடு தண்ணீரின் பங்கும் சேர்ந்து மாற்றும். சோப்பு அதிகமாக, தண்ணீர் குறைவாக இருந்தால் மூலக்கூறுகள் இரட்டைத் தாள்களாக அடுக்கி நிற்கும், தாளுக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய தண்ணீர்ப் படலம். தாள் மேல் தாள் வழுக்கும், ஆகவே ஓடும். தண்ணீரைக் கூட்டினால் தாள்கள் கலைந்து நீண்ட உருளைகளாகி, அறுகோணமாக நெருக்கியடித்து நிற்கும். ஒன்றை நகர்த்த வேண்டுமானால் ஆறு பேர் வழிவிட வேண்டும், அதனால் இறுகும். இன்னும் தண்ணீர் சேர்த்தால் உருளைகள் உடைந்து மைசெல்களாகி ஓடும். எஸ்.எல்.இ.எஸ். 70 சதவீதத்தில் விற்கப்படுவதன் ரகசியம் இதுதான். அதில் தாள் அடுக்கு, பம்பு வைத்து ஏற்றி இறக்கலாம். 50 சதவீதத்தில் செய்தால் டிரம்மை விட்டு வெளியே வராது.

சோப்புக் காய்ச்சும் கொப்பரைக்காரர்களுக்கு இந்த இரண்டும் ஏற்கெனவே அனுபவத்தில் தெரியும். நன்றாக ஓடுவதை நீட் சோப் என்றும், தண்ணீர் கணக்குத் தப்பி இறுகிப்போவதை மிடில் சோப் என்றும் சொன்னார்கள். கொப்பரையில் மிடில் சோப் வந்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு. மெக்பெயினும் அவர் மாணவர்களும் செய்தது, இந்த அனுபவத்தை வரைபடமாக்கியது. ஒரு பக்கம் சோப்பின் பங்கு, மறுபக்கம் வெப்பநிலை, எந்தக் கட்டத்தில் என்ன நிலை வரும் என்று ஒவ்வொரு சோப்புக்கும் எல்லை போட்டார்கள். கண்ணாடிக் குழாயில் அடைத்து, சூடாக்கி, எந்தப் புள்ளியில் மங்கல் தெளிகிறது, எந்தப் புள்ளியில் மறுபடி மங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துச் சேர்த்த படங்கள். பொறுமை வேண்டும் ஐயா அதற்கு. உள்ளே தாளும் உருளையுமாக இருப்பதை எக்ஸ்ரே கொண்டு லுசாட்டி என்பவரின் குழுவினர் பிரான்சில் காட்டியது 1957இல். அப்போது மெக்பெயின் இல்லை.

குளிர்முறையில் அச்சு ஊற்றுபவர்கள், துணி சுற்றி வைத்த சில மணி நேரத்தில் அச்சின் நடுவில் கண்ணாடி போல் ஒரு வட்டம் பரவி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஜெல் ஃபேஸ் என்கிறீர்கள். காஸ்டிக்கும் எண்ணெயும் சேரும் சூட்டில் உள்ளே வந்திருப்பது நீட் சோப். ஓரம் சீக்கிரம் ஆறுவதால் அங்கே வருவதில்லை, அதனால்தான் வெட்டினால் நடு ஒரு நிறம், சுற்றி ஒரு நிறம். அழகு கெட்டது என்று அந்தக் கட்டிகளைத் தள்ளுபடியில் விற்காதீர்கள்.

மெக்பெயின் 1920களின் பிற்பாதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அங்கே செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். சோப்பு போன்ற பொருள்கள் தண்ணீரின் மேற்பரப்பில் போய்க் கூடும் என்று கிப்ஸ் என்ற அறிஞர் 1870களில் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார். நேராக எடுத்து நிறுத்துப் பார்க்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. மெக்பெயின் நீளத் தொட்டி கட்டி, தண்டவாளம் போட்டு, அதன் மேல் ஒரு கத்தியைப் பாயவிட்டார். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு மேற்பரப்பை மட்டும் அது சீவி எடுத்துக்கொண்டு ஓடியது. சீவியதில் எவ்வளவு பொருள், அடியில் எவ்வளவு என்று ஒப்பிட்டார். கிப்ஸ் சொன்னது சரிதான் என்று வந்தது. பாலாடை எடுக்கக்கூட நாம் இவ்வளவு பாடுபடுவதில்லை.

அவர் சொன்னதெல்லாம் சரியென்று நினைத்துவிட வேண்டாம். மைசெல் இரண்டு வகை, அதில் ஒன்று தட்டையான அடுக்கு என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவந்தார். 1936இல் ஹார்ட்லி என்ற ஆங்கிலேயர், நீர்த்த கரைசலில் எல்லாம் உருண்டைதான், இரண்டு வகையெல்லாம் தேவையில்லை என்று ஒரு சின்னப் புத்தகத்தில் வாதாடினார். இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் நிற்பது ஹார்ட்லியின் உருண்டை. மெக்பெயின் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. ‘அபத்தம்’ என்று கேட்டு வளர்ந்தவருக்கு அந்தப் பிடிவாதம் இருக்கத்தான் செய்யும் என்பது என் எண்ணம்.

1947இல் ஸ்டான்ஃபோர்டில் ஓய்வு. வீட்டில் உட்கார வேண்டிய வயதில் அவர் வந்து இறங்கிய இடம் பூனா. சுதந்திர இந்தியா தொடங்கிய தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் மெக்பெயின்தான். 1950 ஜனவரி 3 அன்று நேரு அதைத் திறந்துவைத்தார். அன்றைக்கு இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். அவரும் லண்டனில் டானன் என்ற பேராசிரியரிடம் 1921இல் முனைவர் பட்டம் வாங்கியது இதே வட்டாரத்தில்: கொழுப்பமில உப்புகள் எண்ணெயில் கரைந்து அதன் பரப்பு இழுவிசையை என்ன செய்கின்றன என்று. கொழுப்பமில உப்பு என்றால் சோப்புதானே. ஒரு சோப்புக்காரர் தலைமையில் இன்னொரு சோப்புக்காரர் வந்து ஆய்வுக்கூடம் நடத்தினார் என்று நான் வைத்துக்கொள்கிறேன். 1952வரை பூனாவில் இருந்து, அடுத்த ஆண்டு இறந்தார்.

பிரிஸ்டலில் கூழையும் திரவத்தையும் ஒப்பிட்ட மேரி லேங்தான் பின்னாளில் திருமதி மெக்பெயின். எண்ணெயும் சாயமும் சோப்புக் கரைசலில் கரைவதைப் பற்றி ஹட்சின்சன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1955இல் வந்தது. ஆலையில் எங்கள் அலமாரியில் அது அட்டை கிழிந்து கிடந்தது. யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்க முதல் பக்கத்தில் நான்கு இடத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனம். 2020 விதிகளின்படி தயாரித்து விற்க உரிமம் வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் அட்டையில் வர வேண்டும். அந்த இடத்தில் ‘தேங்காய் எண்ணெய், அன்பு, இயற்கை’ என்று எழுதாதீர்கள், பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் சோப்பு என்றால் சோடியம் கோகோயேட் என்று போடுங்கள், பாமாயில் என்றால் சோடியம் பாமேட். கிளிசரினையும் போடுங்கள்: பெரிய ஆலைகளில் அதைப் பெரும்பாலும் பிரித்து விற்றுவிடுவார்கள், உங்கள் சோப்பில் முழுசாக இருக்கிறது, அது உங்களுக்குப் பெருமை. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், கப்பலில் போகிறவர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். போர் தண்ணீரில் குளிக்கிற ஊரில் விற்கும்போது இதைச் சொன்னால் பச்சை இலைப் படத்தைவிட வேகமாகச் சரக்கு நகரும். வாடிக்கையாளர் ‘கெமிக்கல் இருக்கா?’ என்று கேட்டால், இருக்கு என்று சொல்லி, எது, எவ்வளவு, எதற்கு என்று விளக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சோப்புக்காரன்

பின்குறிப்பு: எஸ்.எல்.இ.எஸ். பசையில் தண்ணீரை ஊற்றாதீர்கள். வாளி நிறைய வெதுவெதுப்பான தண்ணீரை வைத்துக்கொண்டு, அதில் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நுரை கிளம்பாமல் மெதுவாகக் கலக்குங்கள். இறுகும் கட்டத்தைச் சீக்கிரம் தாண்டிவிடும். கல்லுப்பைக் கடைசியில் கரைத்து ஊற்றுங்கள், கெட்டியாகும். ஒரு அளவு தாண்டினால் மறுபடி தண்ணியாகிவிடும், ஆகவே ஒரு கிண்ணத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு வாளிக்குப் போங்கள்.